தலைப்பிரட்டை வாலில் ஒரு கறுப்பு நூல்

சாந்தோம், மயிலாப்பூர்
18 அக்டோபர் 1943

டாக்டர் ரஹ்மான் அவர்களுக்கு,

பெங்களூரிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதம் வந்தது. கடிதம் என்று சொல்வதே அதிகம். "இந்தப் படங்களை வரைந்தபோது வேறு யாராவது உடன் இருந்தார்களா?" அவ்வளவுதான். சௌக்கியமா என்ற கேள்வி இல்லை. படங்கள் கசங்காமல் வந்து சேர்ந்தன என்றுகூட ஒரு சொல் இல்லை. மூன்று வருஷம் ஒரே மைக்ராஸ்கோப்பில் மாறி மாறிக் குனிந்து பார்த்தவர் இப்படி எழுதினால், அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்வதா, குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வதா?

யாரும் உடன் இல்லை. யார் இருப்பார்கள்? நீங்கள் ஜூன் மாதமே ராணுவ ஆஸ்பத்திரியின் பரிசோதனைச் சாலைக்குப் போய்விட்டீர்கள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரைவிட்டுப் போன நம் கல்லூரி ஆசிரியர்களில் சிலர் இன்னும் திரும்பவில்லை. விலங்கியல் அறையில் இருப்பது நானும் தொட்டியில் நீந்தும் தலைப்பிரட்டைகளும்தான். ஊரூர் குப்பத்து மீன்காரி தேவானை, அடையாற்றுப் பக்கத்து மழைக் குட்டைகளில் அள்ளிய தலைப்பிரட்டைகளைச் சட்டியில் கொண்டுவந்து வைப்பாள். "இன்னா டீச்சரம்மா, இத்த வச்சுக்கினு இன்னாதான் பண்றே? கொழம்புக்கும் ஆவாது, கருவாட்டுக்கும் ஆவாது" என்று சிரித்துவிட்டுப் போவாள். அவளைச் சாட்சி கேட்கலாம் என்றால் கேளுங்கள்.

படங்களோடு நான் அனுப்பிய முதல் கடிதத்தையும் கட்டுரை வரைவையும் நீங்கள் சரியாகப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆகையால் திரும்பவும் சொல்கிறேன். தலைப்பிரட்டையின் வாலோரம் கண்ணாடிபோல் இருப்பதால், அதில் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் வளர்வதை உயிரோடேயே பார்க்கலாம். ஊசி முனையால் ஒரு கீறல் போட்டால், பக்கத்துக் குழாயிலிருந்து முளைகள் கிளம்புகின்றன. இரண்டு முளைகள் தொட்டு இணைந்ததும் உள்ளே ரத்தம் ஓடுகிறது. இது நாம் இருவரும் சேர்ந்து பார்த்தது. அதற்கு மேல் நடப்பதை நான் தனியாகப் பார்த்தேன். புதுக் குழாயின் வெளிப்புறத்தில் நீளமான செல்கள் ஊர்ந்து வந்து, கைகளை நீட்டிக் குழாயை அணைத்துக்கொள்கின்றன. அணைத்த இடத்தில் குழாய் கிளை விடுவதை நிறுத்திக்கொண்டு நேராகிறது, நிலைக்கிறது. அணைக்காத இடத்தில் கண்டபடி முளைக்கிறது, மணி மணியாக வீங்குகிறது, சில சமயம் ரத்தம் கசிகிறது. குழாயின் மேல் ஒட்டிய குப்பை என்று நீங்கள் ஒதுக்கித் தள்ளிய செல்கள் அவை. அணைச் செல்கள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். குழாய் எவ்வளவு வளரலாம் என்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இன்னொன்று. நேற்று எங்கள் கல்லூரித் தலைவி மதர் என்னைக் கூப்பிட்டு, "டாக்டர் ரஹ்மான் பெங்களூரில் ஒரு கர்னலுக்கு ரத்தக் குழாய்ப் படங்களைக் காட்டினாராமே, அவர் வரைந்ததா?" என்று கேட்டார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

மர்சலின்

*

பெங்களூர்
27 அக்டோபர் 1943

மிஸ் மர்சலின் அவர்களுக்கு,

காட்டினேன். மறைக்க ஒன்றுமில்லை. கர்னல் இங்கே காயம் ஆறுவதைப் பற்றி ஆராய்கிறவர். உங்கள் பெயரைச் சொல்லித்தான் காட்டினேன். உங்கள் மதருக்கு யார் என்ன எழுதினார்கள் என்பதை நான் அறியேன். தயவுசெய்து தமிழிலேயே எழுதுங்கள். இங்கே மேஜைமேல் கிடக்கும் இங்கிலீஷ் கடிதத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கிறார்கள்.

கர்னல் படங்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது அணைச் செல்களைப் பற்றி அல்ல. "இந்தப் பெண்மணி ஏன் புகைக்கரியை வரைந்திருக்கிறார்?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நீங்கள் ஆகஸ்டு வரை வரைந்த படங்கள் சுத்தமானவை. செப்டம்பரிலிருந்து வரைந்தவற்றில் குழாய்களுக்கு வெளியே கரும் புள்ளிகள் தெரிகின்றன. இடது மேல்புறத்தில் கொக்கிபோல் வளைந்த ஒரு கறுப்பு நூலும் இருக்கிறது. அதைக் கசிந்த ரத்தம் என்று குறித்திருக்கிறீர்கள். கசியட்டும். ஆனால் வேறு வேறு நாளில், வேறு வேறு தலைப்பிரட்டையில், அதே கொக்கி அதே வளைவோடு அதே இடத்தில் எப்படிக் கசியும்? ஒரு படத்தை வைத்து இன்னொன்றை வரைந்தால்தான் அப்படி வரும். அல்லது மனதில் இருப்பதைக் கை வரைந்தால் வரும்.

நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. ஆனால் என் பெயரும் சேர்ந்து வெளியாகும் கட்டுரையில் எனக்கு விளங்காத நூல் ஒன்று இருக்கக்கூடாது. மீர்சாகிப்பேட்டையில் அம்மாவோடு இருக்கும் என் தங்கை வஜீஹா உங்களிடம் படித்தவள்தானே. அவளை ஒருநாள் வரச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் மைக்ராஸ்கோப்பில் காட்டுங்கள்.

ஹபீபுர் ரஹ்மான்

*

சாந்தோம்
8 நவம்பர் 1943

டாக்டர் ரஹ்மான் அவர்களுக்கு,

உங்கள் ஒற்றர் வந்துபோனார்.

மழை சற்று விட்ட வேளையில், புர்காவின் ஓரமெல்லாம் சேறாக வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன். கையில் ஒரு டப்பா. உங்கள் அம்மா அல்வா கொடுத்தனுப்பியிருந்தார்கள். எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். உடனே அவள் முகம் சுருங்கியது.

"டீச்சர், பாய்ஜான் உங்ககிட்ட வந்து பார்த்துட்டு எழுதச் சொன்னாரு."

"என்ன எழுதச் சொன்னார்?"

"என்ன தெரியுதோ அதை."

"என்ன தெரியணும்னும் சொல்லியிருப்பாரே?"

அவள் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பிடம் போனாள். அதை நான் குறித்துக்கொண்டேன்.

தலைப்பிரட்டையை மயக்கி, ஈரக் கண்ணாடியில் கிடத்தி, வாலைச் சரிசெய்து கொடுத்தேன். குண்டுவீச்சுக்கு அஞ்சி இருட்டடிப்புக்காக ஒட்டிய கறுப்புக் காகிதத்தை ஒரு ஜன்னலில் மட்டும் கிழித்து வைத்திருக்கிறேன். வெளிச்சம் அங்கிருந்துதான் வருகிறது. வஜீஹா நெடுநேரம் குனிந்து பார்த்தாள். கெட்டிக்காரி, அதை நான் மறுக்கவில்லை.

"ரத்தம் ஓடுது டீச்சர். ஒவ்வொண்ணா உருண்டு போவுது. குழாய் மேல ஏதோ பல்லி மாதிரி கட்டிப் பிடிச்சிட்டிருக்கு."

"அதுதான் அணைச் செல். இடது பக்கம் மேலே பாரு. கறுப்பா ஒரு நூல், கொக்கி மாதிரி."

"ஒண்ணும் இல்லையே."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்கறேன். இல்லாததை எப்படி டீச்சர் இருக்குன்னு சொல்றது?"

நான் அவளை நகர்த்திவிட்டுப் பார்த்தேன். நூல் அங்கேயே இருந்தது. கொக்கி, அதன் கீழே இரண்டு புள்ளிகள். மறுபடி அவளைப் பார்க்கச் சொன்னேன். மறுபடியும் இல்லை என்றாள். "உன் அண்ணன் சொல்லச் சொன்னதைச் சொல்கிறாய்" என்றேன். அவள் அழவில்லை. "அண்ணன் சொன்னாலும் நான் பொய் சொல்றவ இல்ல" என்று டப்பாவை எடுத்துக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டாள்.

உங்கள் திட்டம் எனக்கு இப்போது புரிகிறது. நூல் பொய் என்றால் படங்கள் பொய். படங்கள் பொய் என்றால் அணைச் செல்களை நான் பார்த்ததும் பொய். பிறகு அடுத்த வருஷம் பெங்களூரில் ஒருவர் அதே செல்களைப் புதிதாகக் கண்டுபிடிப்பார். அவருக்கு ஒரு கர்னலின் ஆசீர்வாதமும் இருக்கும்.

என் படங்களை ரிஜிஸ்தர் தபாலில் திருப்பி அனுப்பவும்.

மர்சலின்

*

பெங்களூர்
17 நவம்பர் 1943

மிஸ் மர்சலின் அவர்களுக்கு,

படங்களை இப்போது அனுப்ப மாட்டேன். அவற்றை நீங்கள் திருத்தி வரைந்துவிடக்கூடும் என்று அஞ்சுகிறேன். இதை வேறு நயமான சொற்களில் எழுதிப் பார்த்தேன்; முடியவில்லை.

என் தங்கையைப் பற்றி நீங்கள் எழுதியதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. அவள் எனக்கு எழுதியதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, அணைச் செல்களை அவள் தெளிவாகப் பார்த்திருக்கிறாள். அதில் உங்கள் பக்கமே பேசுகிறாள். நூலை மட்டும் பார்க்கவில்லை.

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அவள் உள்ளே வந்தபோது உங்கள் ஸ்பிரிட் அடுப்பில் ஒரு கண்ணாடி ஊசிக்குழல் கொதித்துக்கொண்டிருந்ததாம். நீங்கள் அவசரமாக அதன்மேல் துணியைப் போட்டு மூடினீர்களாம். ஜன்னலோரம் ஒரு சின்ன மருந்துச் சீசா இருந்ததாம். அதையும் எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தீர்களாம்.

தலைப்பிரட்டைகளுக்கு மயக்க மருந்து தவிர வேறு எதுவும் கொடுப்பதில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஊசியில் எதைப் போடுகிறீர்கள்? ஏதோ ஒரு மருந்தை ஏற்றினால் குழாய்கள் வீங்கும், கசியும். வீங்கவைத்துவிட்டு அணைச் செல் இல்லாததால் வீங்கியது என்று எழுதினால் அதற்கு என்ன பெயர்?

நூலுக்கு ஒரு சோதனை சொல்கிறேன், செய்யுங்கள். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸைக் கையால் சுற்றுங்கள். நூலும் கூடவே சுற்றினால் அது ஐபீஸில் ஒட்டிய அழுக்கு. கண்ணாடித் தகட்டை நகர்த்துங்கள். நூலும் நகர்ந்தால் அது தலைப்பிரட்டையில் இருக்கிறது. நான் தலை குனிந்து மன்னிப்புக் கேட்கிறேன். என்ன நடந்தது என்பதை நடந்தபடியே எழுதுங்கள்.

ஊசியைப் பற்றியும் எழுதுங்கள்.

ஹபீபுர் ரஹ்மான்

*

சாந்தோம்
30 நவம்பர் 1943

டாக்டர் ரஹ்மான் அவர்களுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஐபீஸைச் சுற்றினேன். நூல் சுற்றவில்லை. அப்போதே உங்களுக்கு ஒரு வெற்றிக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். பிறகு தகட்டை நகர்த்தினேன். தலைப்பிரட்டையின் வால் போயிற்று, குழாய்கள் போயின, வெறும் வெளிச்சம் நின்றது. அந்த வெளிச்சத்தில் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. தகட்டையே எடுத்துவிட்டேன். அப்போதும் தொங்கியது. அடியிலுள்ள ஆடியைத் துடைத்தேன், லென்ஸை மாற்றினேன். அது போகவில்லை. கடைசியில் என்ன தோன்றியதோ, வழக்கமாகப் பார்க்கும் வலது கண்ணை எடுத்துவிட்டு இடது கண்ணை வைத்தேன். நூல் இல்லை.

நிமிர்ந்து, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தேன். சுவரில் கொக்கி இருந்தது. நான் கண்ணை அசைத்தால் அதுவும் சற்றுத் தயங்கிக் கூடவே அசைந்தது. முன்பும் சுவரில், புடவை வெளுப்பில் அதைப் பார்த்திருப்பேன். களைப்பு என்று விட்டிருப்பேன்.

ஊசி தலைப்பிரட்டைகளுக்கு அல்ல. எனக்கு. அந்தச் சீசாவில் இருப்பது இன்சுலின். பள்ளிக்கூடம் படித்த காலத்திலேயே எனக்கு நீரிழிவு வந்துவிட்டது. அது தெரிந்தால் கல்லூரியில் வேலை கொடுத்திருக்க மாட்டார்கள். தெரிந்திருந்தால் நீங்களும் மூன்று வருஷம் என்னிடம் சரிக்குச் சரி சண்டை போட்டிருக்க மாட்டீர்கள். போர் வந்தபிறகு மருந்து கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைத்த சீசாவை நீட்டி நீட்டிப் போட்டுக்கொண்டேன். உங்கள் அம்மாவின் அல்வாவை ஏன் வேண்டாம் என்றேன் என்பதும் இப்போது தெரிந்திருக்கும்.

கண் டாக்டரிடம் போனேன். சிறு விளக்கை வைத்து உள்ளே வெகுநேரம் பார்த்தார். விழித்திரையில் மயிரிழைக் குழாய்கள் மணி மணியாக வீங்கியிருக்கின்றன என்றார். வலது கண்ணில் ஓரிடத்தில் புதுக் குழாய்கள் வலைபோல முளைத்திருக்கின்றனவாம். அதில் ஒன்று கசிந்து, கண்ணுக்குள் தொங்குகிற ரத்த இழையைத்தான் நான் செப்டம்பரிலிருந்து வரைந்திருக்கிறேன்.

"அந்தக் குழாய்களுக்கு வெளியே ஏதாவது செல்கள் இருக்கின்றனவா டாக்டர்?" என்று கேட்டேன்.

"உயிரோட இருக்கற கண்ணுல அதெல்லாம் யாரால பாக்க முடியும்மா? நீங்க மொதல்ல குனிஞ்சு மைக்ராஸ்கோப் பாக்கறதை நிறுத்துங்க" என்றார்.

தலைப்பிரட்டையின் வாலில் நான் பார்த்ததேதான் என் கண்ணிலும் நடக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். தெரிந்ததை எழுதுகிறேன். செப்டம்பருக்குப் பிறகு நான் வரைந்த எல்லாப் படங்களையும் நீக்கிவிடுங்கள். அவற்றில் எந்தப் புள்ளி தலைப்பிரட்டையினுடையது, எந்தப் புள்ளி என்னுடையது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அணைச் செல்களின் நல்ல படங்கள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. அவையும் போகட்டும்.

உங்கள் கர்னலிடம் சொல்லுங்கள், அது புகைக்கரி அல்ல என்று.

மர்சலின்

*

பெங்களூர்
14 டிசம்பர் 1943

அன்புள்ள மிஸ் மர்சலின்,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நான்கைந்து பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். ஆகையால் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

அல்சூர் ஏரிப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து தலைப்பிரட்டைகளைப் பிடித்துவரச் செய்தேன். வேலை நேரம் போக, ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்பில் நானே வரைந்து பார்த்தேன். ஊசிக் கீறலுக்குப் பிறகு முளைகள் வந்தன, இணைந்தன. பிறகு அணைச் செல்கள் வந்தன. அவை அணைத்த குழாய்கள் அடங்கி நின்றன. அணைக்காதவை வீங்கின. நீங்கள் சொன்னது சரி. எல்லாம் சரி. குப்பை என்று நான் சொன்னது தவறு.

கட்டுரையை உடனே எழுதி முடிக்கலாம். உங்கள் பெயர் முதலில் இருக்கட்டும், என் பெயர் பிறகு. நீக்கச் சொன்ன படங்களுக்குப் பதில் என் படங்களைச் சேர்க்கலாம். கர்னலும் ஒப்புக்கொள்கிறார். இங்கே நல்ல கண் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். உங்கள் அண்ணனோடு வந்தால் நான் ஏற்பாடு செய்கிறேன். இன்சுலினுக்கும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

வஜீஹாவுக்கும் எழுதியிருக்கிறேன். அவள் உங்களைப் பார்க்க வருவாள். இந்தத் தடவை பார்த்து எழுதச் சொல்லவில்லை.

ஹபீபுர் ரஹ்மான்

*

சாந்தோம்
23 டிசம்பர் 1943

டாக்டர் ரஹ்மான் அவர்களுக்கு,

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். நான் சொல்கிறேன், வஜீஹா எழுதுகிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை நடந்துகொண்டிருந்தபோது வலது கண்ணில் மை கொட்டினாற்போல் இருட்டு இறங்கியது. மறுபடி ரத்தம். இந்தத் தடவை நூல் அல்ல, திரை. இடது கண்ணை அலட்டக்கூடாது என்று அண்ணன் அல்போன்ஸ் பேனாவை எடுத்து ஒளித்துவைத்துவிட்டார்.

உங்கள் கடிதத்தை வஜீஹா படித்தாள். இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னேன், அவள் எதையாவது விட்டுவிட்டோ சேர்த்தோ படிக்கிறாளா என்று பார்க்க. (டீச்சர் இதையும் எழுதச் சொல்கிறார்கள். நான் எதையும் விடவில்லை, பாய்ஜான். வ.)

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். அக்டோபரில் என் படங்கள் புகைக்கரி. நவம்பரில் நான் ஊசி போட்டு ஏமாற்றுகிறவள். டிசம்பரில் எனக்குக் கண் போகிறது என்று தெரிந்ததும், நான் சொன்னது எல்லாம் சரி. "எல்லாம் சரி" என்று எழுதியிருக்கிறீர்கள். நம்முடைய மூன்று வருஷத்தில் நீங்கள் என்னிடம் அந்த இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொன்னதே கிடையாது. சனிக்கிழமைகளில் ஒரு குழாயின் வளைவுக்காக விளக்கு வைக்கும்வரை சண்டை போட்டிருக்கிறோம். நடுவே தலைப்பிரட்டைகள் மனம் மாறிவிட்டனவா?

நீங்கள் அவற்றைப் பார்க்கவே இல்லை என்று சந்தேகப்படுகிறேன். அல்லது ஒன்றிரண்டை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, பாவம் இந்தப் பெண், இதையாவது கொடுப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் என் பெயரைப் போடுவதும் அந்தக் கணக்கில்தான் சேரும். நீங்கள் என்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் கைகால் ஓடியது, சோதனை செய்தேன், உண்மையைக் கண்டுபிடித்தேன். இப்போது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் சொன்னது தவறாக இருந்தால் தவறு என்று எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன். இரக்கத்துக்காகச் சரி என்று எழுதினால், அதைக் கண்டுபிடிக்க எனக்கு இனி வழியில்லை. நான் நம்பத்தான் வேண்டியிருக்கும். அந்த நிலையில் என்னை வைக்காதீர்கள்.

மர்சலின்

(டீச்சர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. இதை அவர்கள் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன். வ.)

*

பெங்களூர்
5 ஜனவரி 1944

மிஸ் மர்சலின் அவர்களுக்கு,

உங்கள் மூன்றாவது முடிவு தவறு.

கட்டுரை வரைவில், அணைச் செல் பிடித்த குழாய் ஒருநாளும் கிளை விடாது என்று எழுதியிருக்கிறீர்கள். விடுகிறது. நான் பார்த்தேன். ஒரு செல் குழாயை அணைத்தபடியே இருக்க, அதன் காலடியிலிருந்தே முளை கிளம்பி மறுநாள் நீண்டிருந்தது. வேறொரு இடத்தில் செல் முதலில் தன் பிடியை விட்டு விலகியது. முளை அதற்குப் பிறகு வந்தது. இந்த இரண்டாவதை நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்குச் சாதகமாக எழுதியிருப்பீர்கள். முன்னதைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது.

அணைச் செல் இல்லாத குழாய் வீங்கும் அல்லது மறையும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ஒரு செல்கூட இல்லாத ஒரு குழாய் நாட்கணக்கில் நேராக, ஆடாமல் அசையாமல் இருந்தது. அதில் ரத்தம் மிக வேகமாக ஓடியது. ஆகவே ஓட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நீங்கள் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்தச் செல்கள் குழாயின் வளர்ச்சியை அடக்க உதவுகின்றன. தாங்களே தனியாக ஆள்கின்றன என்று நீங்கள் எழுதியது அளவுக்கு மீறியது. அந்தப் பத்தியை அப்படியே அனுப்பினால் உலகம் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

"எல்லாம் சரி" என்று சென்ற தடவை எழுதியபோதே இவை எனக்குத் தெரியும். எழுதவில்லை. நீங்கள் சந்தேகப்பட்டது நியாயம். உங்கள் கண்ணைப் பற்றிப் படித்தபிறகு உங்களை மறுத்து ஒரு வரி எழுத என் கை வரவில்லை. அதைவிடக் கேவலமாக உங்களை நான் நடத்தியிருக்க முடியாது என்பது வஜீஹாவின் கையெழுத்தில் உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் உறைத்தது.

பெயர் எந்த வரிசையில் வருவது என்பதைக் கட்டுரை முடிந்தபிறகு சண்டை போட்டுத் தீர்மானிப்போம். செப்டம்பர் படங்களை நீக்கியாயிற்று. அதில் உங்களோடு எனக்கு வழக்கு இல்லை.

இருபத்திரண்டாம் தேதி ஒரு வார லீவில் மெயில் ரயிலில் வருகிறேன். இன்சுலின் சீசாக்கள் கிடைத்திருக்கின்றன. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவருகிறேன். மூன்றாவது முடிவுக்கு மறுப்பாக நான் வரைந்த படத்தையும் கொண்டுவருகிறேன்.

ஹபீபுர் ரஹ்மான்

*

சாந்தோம்
13 ஜனவரி 1944

டாக்டர் ரஹ்மான் அவர்களுக்கு,

வஜீஹா கடிதத்தைப் பிரித்து முதல் வரியைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிட்டாள். என்ன என்றேன். "டீச்சர், பாய்ஜான் இப்படியெல்லாம் எழுதறாரேன்னு..." என்று இழுத்தாள். படி என்றேன். படித்தாள். மறுபடி படிக்கச் சொன்னேன். பிறகு நான் சிரித்தேன். அண்ணன் சமையலறையிலிருந்து ஓடிவந்து பார்த்தார். இந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்குக்கூட நான் சிரிக்கவில்லை.

உங்களை நம்புகிறேன். நீங்கள் தலைப்பிரட்டைகளைப் பார்த்திருக்கிறீர்கள். இரக்கப்படுகிற மனுஷர் யாரும் அப்படி ஒரு முதல் வரியை எழுத மாட்டார்கள்.

ரத்த ஓட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஆள்கின்றன" என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். அந்தச் சொல்லை எழுதும்போதே எனக்கு உறுத்தியது. ஆனால் உங்களை எரிச்சல் மூட்ட வேண்டும் என்று வைத்தேன்.

கிளை விடுவதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. செல் அணைத்தபடியே இருக்கும்போது அதன் காலடியில் முளை வந்தது என்கிறீர்கள். அணைத்தபடிதான் இருந்ததா? மைக்ராஸ்கோப்பின் சின்னத் திருகை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தீர்களா? குழாய்க்கு மேலே வேறொரு அடுக்கில் சும்மா கிடக்கும் செல்லும் மேலிருந்து பார்த்தால் அணைத்தாற்போலத்தான் தெரியும். நீங்கள் அவசரக்காரர். எனக்குத் தெரியும். அது அணைச் செல்லே அல்ல என்று சந்தேகப்படுகிறேன்.

நேற்று அறைக்குப் போனேன். குனியக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் மைக்ராஸ்கோப்பைப் பின்னால் சாய்த்து நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து இடது கண்ணால் பார்த்தேன். வஜீஹா ஆடியைத் திருப்பி வெளிச்சம் பிடித்தாள். படத்தை அவள்தான் வரைகிறாள். நான் பார்த்துச் சொல்கிறேன், பிறகு அவள் பார்க்கிறாள், இருவருக்கும் தெரிந்ததை மட்டும்தான் அவள் வரைய வேண்டும். ஒருத்திக்கு மட்டும் தெரிந்தால் பென்சில் அசையக்கூடாது. இப்படிச் செய்வதில் வேலை ஆமை வேகத்தில் நடக்கிறது. இரண்டு இடங்களில் நான் பார்த்ததை அவள் மறுத்துவிட்டாள். ஓரிடத்தில் அவள் சொன்னதுதான் சரி. (இரண்டு இடத்திலும் நான் சொன்னதுதான் சரி, பாய்ஜான். வ.)

இடது கண் எத்தனை நாள் என்று டாக்டர் சொல்ல மறுக்கிறார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன். இந்த மழைக்காலத்துத் தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைப்பதற்குள் முடித்தாக வேண்டும். இருபத்திரண்டாம் தேதி வாருங்கள். முதலில் மீர்சாகிப்பேட்டைக்குப் போய் உங்கள் அம்மாவைப் பாருங்கள். அவர்கள் வஜீஹாவிடம் தினமும் கேட்கிறார்களாம். பிறகு இன்சுலினோடு இங்கே வாருங்கள்.

உங்கள் படத்தைக் கொண்டுவர வேண்டாம். படத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வரையலாம்; அது நம் இருவருக்கும் தெரியும். அந்தத் தலைப்பிரட்டையைக் கொண்டுவாருங்கள். உயிரோடு.

மர்சலின்